ஹெர்னியா ஆபரேஷனில் தற்செயலாகக் கிடைத்த பிஎம்பி: காத்திருப்பதா, பெரிய ஆபரேஷனா, கீமோவா?

ஹெர்னியா ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும் சர்ஜன், கையோடு இன்னொன்றையும் சொல்கிறார்: "பைக்குள்ள ஜெல்லி மாதிரி கொஞ்சம் இருந்துச்சு, பயாப்சிக்கு அனுப்பியிருக்கோம்." சில நாளில் வரும் ரிப்போர்ட்டில் வாயில் நுழையாத ஒரு பெயர்: சூடோமிக்ஸோமா பெரிட்டோனியை. வயிற்றறைக்குள் ஜெல்லி போன்ற சளி சேரும் நோய், சுருக்கமாக பிஎம்பி.

இந்த ரிப்போர்ட்டோடு நாலு இடம் ஏறி இறங்குகிறவர்களுக்கு நாலு விதமான பதில் கிடைக்கும். ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பார். இன்னொருவர் பத்து மணி நேர ஆபரேஷன் என்பார். அடுத்தவர், வயிற்றில் சேரும் ஜெல்லியை அவ்வப்போது எடுத்துவிடலாம் என்பார். கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்பவரும் உண்டு. நாலு பேரும் தவறாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலும் ஒரு குறிப்பிட்ட நோயாளிக்குப் பொருந்தும். உங்கள் வீட்டு நோயாளி அதில் யார் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிஎம்பியில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. பயாப்சி ஸ்லைடை மறுபடி படிக்கவைத்து, இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்யும் ஒரு குழுவிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கச் சில வாரங்கள் ஆனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அந்த அபிப்பிராயம் வருவதற்கு முன்னால் "திறந்து பார்த்துடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

## ஜெல்லி அங்கே எப்படி வந்தது?

மூலம் பெரும்பாலும் குடல்வால், அதாவது அப்பென்டிக்ஸ். அதன் உள்சுவரில் சளி சுரக்கும் செல்கள் கட்டியாகப் பெருகும். குடல்வால் உள்ளே சளியால் உப்பி ஒருநாள் வெடிக்கும். வலிகூட இல்லாமல் போகலாம். வெளியே வந்த செல்கள் வயிற்றறைக்குள் மிதந்தபடி சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆறிப்போன சவ்வரிசிக் கஞ்சி போலிருக்கும் அந்தச் சளி வயிற்றுக்குள் சில குறிப்பிட்ட இடங்களில்தான் தங்கும்: உதரவிதானத்தின் அடிப்பக்கம், குடலின் முன்னால் தொங்கும் ஒமென்டம் என்ற கொழுப்புத் திரை, அடிவயிற்றின் குழி. ஹெர்னியா பை என்பது வயிற்றின் உள்சவ்வே வெளியே பிதுங்கிய ஒரு பள்ளம்; அங்கேயும் வழிந்து தேங்கும். சிறுகுடல் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பதால், ஆரம்ப காலத்தில் செல்கள் அதில் ஒட்டுவதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுகுடல் தப்பியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் பெரிய ஆபரேஷனின் பலனும் இருக்கிறது.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் நோய் இது. தமிழ்நாட்டு மக்கள்தொகைக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 70 முதல் 150 பேர். ஆகவே உங்கள் ஊர் சர்ஜன் இதற்கு முன் இதைப் பார்த்ததே இல்லை என்றால் அது அவர் குறை அல்ல. ஹெர்னியா வழியாக வெளிப்படுவது ஒன்றும் விநோதமும் இல்லை. வாஷிங்டனில் 217 நோயாளிகளைப் பற்றி 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் சுமார் 14 சதவீதம் பேருக்குப் புதிதாகத் தோன்றிய ஹெர்னியாவே முதல் அறிகுறி.

ஹெர்னியா பையில் எதிர்பாராமல் கிடைப்பது பிஎம்பி மட்டும்தான் என்றும் இல்லை. மீசோதீலியோமா, லிம்போமா, விந்துநாளத்தை ஒட்டி வரும் லைப்போசார்கோமா, பெருங்குடல் அல்லது சினைப்பையிலிருந்து பரவிய புற்று என எதுவும் இருக்கலாம். அவற்றுக்கு வழிகள் வேறு. இங்கே பிஎம்பி மட்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதலாவது, ஸ்லைடு. ரிப்போர்ட்டில் மூன்று விதமாக எழுதியிருக்கலாம்: செல்களே இல்லாத சளி, லோ கிரேட் (மெதுவாக வளரும் செல்கள்), ஹை கிரேட் (வேகமாக வளரும் செல்கள்). ஹை கிரேடில் மோதிரம் போலத் தெரியும் சிக்னெட் ரிங் செல்கள் இருந்தால் அது இன்னும் தீவிரமான வகை. இந்த வகைப்பாட்டை 2016இல் உலக அளவில் நிபுணர்கள் கூடி ஒழுங்குபடுத்தினார்கள். பழைய முறையிலேயே எழுதும் லேப்கள் இன்னும் உண்டு. அதனால் ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் (திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி) லேபிலிருந்து கேட்டு வாங்கி, வயிற்றுப் புற்றுகளை அதிகம் பார்க்கும் ஒரு பெத்தாலஜிஸ்டிடம் இரண்டாவது அபிப்பிராயம் வாங்குங்கள். இந்தப் பட்டியலிலேயே செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான். ஒரு எச்சரிக்கை: ஹெர்னியா பையிலிருந்து எடுத்தது கொஞ்சூண்டு சாம்பிள். அதில் செல் இல்லை என்பதால் வயிறு முழுக்க இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது, பரவல். கான்ட்ராஸ்ட் கொடுத்து மார்பு, வயிறு, இடுப்புக்கு சிடி ஸ்கேன். கூடவே சிஇஏ, சிஏ 19-9, சிஏ 125 என்ற புற்றுக் குறியீடுகளுக்கான ரத்தப் பரிசோதனைகள். பெருங்குடலில் வேறு கட்டி இல்லை என்று உறுதிசெய்ய கொலனாஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது. சிறுகுடல் மேற்பரப்பில் படர்ந்திருக்கிறதா என்பதை சிடி பல நேரம் குறைத்தே காட்டும். அதனால் வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்பராஸ்கோப்பி தேவைப்படலாம்.

மூன்றாவது, நோயாளியின் உடம்பு. எவ்வளவு வயது என்பதைவிட, இரண்டு மாடி ஏற முடிகிறதா, இதயமும் சிறுநீரகமும் எப்படி, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்பவைதான் முக்கியம்.

நாலாவது, செய்பவரின் அனுபவம். இங்கிலாந்தில் இந்த ஆபரேஷனுக்கு அரசு மருத்துவ சேவை ஒதுக்கியது இரண்டே இடங்களை: 2000இல் பேசிங்ஸ்டோக், 2002இல் மான்செஸ்டர். நிறையச் செய்யும் கைகளில்தான் சிக்கல்கள் குறைகின்றன என்பது அங்கே கண்ட அனுபவம். நம் ஊரில் அப்படி ஒதுக்கீடு இல்லை. நோயாளியின் வீட்டார்தான் விசாரித்துப் போக வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது, பணமும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும்.

## வழி 1: கண்காணிப்பு

எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதைக் கண்காணிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மூலமான குடல்வால் உள்ளேயே இருக்கிறதென்றால் அதை எடுத்தாக வேண்டும். லேப்பராஸ்கோப்பியில் எடுக்கும்போதே வயிறு முழுவதையும் சுற்றிப் பார்த்து, சந்தேகமான இடங்களில் பயாப்சியும் எடுத்துக்கொள்ளலாம். துளைகளைக் கூடியவரை வயிற்றின் நடுக்கோட்டிலேயே போடச் சொல்லிக் கேளுங்கள். துளை போட்ட தடத்தில் செல்கள் ஒட்டி வளர்வதுண்டு. நடுக்கோட்டில் இருந்தால், பின்னால் பெரிய ஆபரேஷன் தேவைப்படும்போது அந்தத் தழும்பையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட முடியும். பக்கவாட்டில் இருந்தால் அதற்கென்று தனியாக வெட்ட வேண்டும்.

பிறகு ஆரம்ப ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை. இது பொருந்துவது, சளியில் செல்களே இல்லாமல், அளவும் கொஞ்சமாக இருப்பவர்களுக்கு. குடல்வாலைச் சுற்றி மட்டும் செல் இல்லாத சளி இருந்தவர்களில் நோய் திரும்புவது குறைவு. ஆனால் ஹெர்னியா பை குடல்வாலிலிருந்து தள்ளி இருக்கிறது. சளி அதுவரை வந்திருக்கிறதென்றால் வேறு இடங்களுக்கும் போயிருக்கலாம். அதனால் ஹெர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு "செல் இல்லை, காத்திருக்கலாம்" என்ற பதிலை லேப்பராஸ்கோப்பி பார்க்காமல் ஏற்றுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு, மறதி. இரண்டு ஸ்கேன் சுத்தமாக வந்ததும் மூன்றாவதுக்குப் போகாமல் விட்டுவிடுகிறோம். பிஎம்பி பல வருடம் கழித்தும் திரும்பும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் ஒரு வாரம் வீடே தூங்காமல் கிடப்பதும் ஒரு விலைதான்.

## வழி 2: முழு நீக்க ஆபரேஷனும் ஹைபெக்கும்

இன்று பிஎம்பிக்கு முதன்மையான சிகிச்சை இது. கட்டி படர்ந்த இடங்களிலெல்லாம் வயிற்றின் உள்சவ்வை உரித்தெடுக்கும் முறைகளை 1995இல் முறைப்படுத்தி எழுதியவர் வாஷிங்டனைச் சேர்ந்த பால் சுகர்பேக்கர். நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் குடல்வாலில் தொடங்கிய புற்றால் இறந்தது அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1993 ஜனவரியில். அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்து, முடிந்ததை எடுத்துவிட்டு மூடுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடந்தது.

ஆபரேஷனின் நோக்கம் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் கட்டி எதையும் மிச்சம் வைக்காமல், மிஞ்சினாலும் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் மிஞ்சாமல் எடுப்பது. ஒமென்டம் போகும். வலப்பக்கப் பெருங்குடல், பித்தப்பை, மண்ணீரல் ஆகியவையும் பெரும்பாலும் போகும். பெண்களுக்குக் கர்ப்பப்பையும் சினைப்பைகளும், சிலருக்கு மலக்குடலின் ஒரு பகுதியும் போகலாம். எல்லாம் எடுத்து முடித்ததும் 41 முதல் 43 டிகிரிக்குச் சூடாக்கிய கீமோ மருந்துக் கரைசலை, பெரும்பாலும் மைட்டோமைசின், ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ வயிற்றுக்குள் சுற்ற விடுவார்கள். அதுதான் ஹைபெக். கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் செல்களுக்காக அது. ஒட்டியிருக்கும் பெரிய கட்டியை அது கரைக்காது. எனவே "எங்களிடம் ஹைபெக் மெஷின் இருக்கிறது" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெஷினுக்கு முன்னால் எட்டு, பத்து மணி நேரம் நின்று உரித்தெடுக்கும் கைகள் யாருடையவை என்று கேளுங்கள்.

2012இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பில் 16 மையங்களில் இந்த சிகிச்சை பெற்ற 2,298 பேரைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் 16 வருடத்துக்கும் மேல் உயிரோடு இருந்தார்கள். பத்து வருடம் கடந்தவர்கள் 63 சதவீதம். சிகிச்சையாலேயே இறந்தவர்கள் 2 சதவீதம், பெரிய சிக்கல்களைச் சந்தித்தவர்கள் 24 சதவீதம். நாலில் ஒருவர் என்பது சின்ன எண் இல்லை. குடல் இணைப்பில் கசிவு, சீழ், மறு ஆபரேஷன் எல்லாம் அந்த நாலில் ஒன்றுக்குள் அடக்கம். இன்னொன்று, இவை அனுபவம் வாய்ந்த மையங்களின் எண்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்யும் இடத்துக்கு இதே எண்களைப் பொருத்திப் பார்க்க முடியாது.

கன்சென்ட் ஃபார்மில் ஒரு வரியாகக் கடந்துபோகும் விஷயங்கள் சில உண்டு. மண்ணீரல் போனால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகள் தேவை. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஆபரேஷன் அவசரத்தில் மறந்துபோவது இதுதான், நீங்களாகவே கேளுங்கள். சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் ஸ்டோமா பை வைப்பார்கள். பல நேரம் தற்காலிகம், சில நேரம் நிரந்தரம். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அந்தப் பேச்சை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். இரண்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரி, அதில் சில நாள் ஐசியு. வேலைக்குத் திரும்ப மூன்று முதல் ஆறு மாதம். கடை வைத்திருப்பவருக்கும் தினக்கூலிக்குப் போகிறவருக்கும் ஆஸ்பத்திரி பில்லைவிட இந்த ஆறு மாதம்தான் பாரம்.

யாருக்கு ஏற்றது? சளியில் லோ கிரேட் செல்கள் இருந்து, சிறுகுடல் பெரும்பாலும் தப்பியிருந்து, உடம்பு தாங்கும் என்றால் இதுதான் வழி. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. முதல் முயற்சியிலேயே முழுமையாக எடுக்க முடிந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

## வழி 3: சேரச் சேர ஜெல்லியை எடுப்பது

வயிறு உப்பும்போது திறந்து எடுப்பது, மறுபடி உப்பினால் மறுபடி திறப்பது. டிபல்கிங் என்பார்கள். பெரிய ஆபரேஷனைவிட எளிது, எந்த ஊரிலும் நடக்கும், முதல் பில்லும் சிறியது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1994இல் வெளியிட்ட 56 நோயாளிகளின் கணக்கில் ஐந்து வருடம் இருந்தவர்கள் 53 சதவீதம், பத்து வருடம் இருந்தவர்கள் 32 சதவீதம். நோய் திரும்பியது நாலில் மூவருக்கு. இதை மேலே சொன்ன 63 சதவீதத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. காலமும் வேறு, நோயாளிகளும் வேறு. ஆனாலும் திசை தெரிகிறது.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். கத்தி பட்ட ஒவ்வொரு பரப்பும் செல்கள் ஒட்ட ஓர் இடமாகிவிடும். குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, மூன்றாவது முறை திறக்கும்போது குடல் கிழிந்து ஓட்டை விழும் அபாயம் கூடும். அசைந்துகொண்டே தப்பியிருந்த சிறுகுடலும் ஒட்டி நின்றபின் தப்பாது. அப்புறம் பெரிய ஆபரேஷனுக்குப் போனால் "முன்னாடியே வந்திருக்கலாமே" என்பார்கள்.

இருந்தும் இது சிலருக்குச் சரியான வழி. இதயம் பலவீனமான எண்பது வயதுக்காரர், சிறுகுடல் முழுக்கப் படர்ந்துவிட்டவர், வயிறு அழுத்திச் சாப்பிடவே முடியாமல் தவிப்பவர் ஆகியோருக்கு நிம்மதி தருவதே இலக்கு. அப்படியென்றால் அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லி முடிவெடுக்க வேண்டும். குணமாக்குகிறோம் என்று வீட்டாரும், சும்மா ஒத்திப்போடுகிறோம் என்று டாக்டரும் ஆளுக்கொன்றாக நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

## வழி 4: கீமோ மட்டும்

லோ கிரேட் பிஎம்பிக்கு நரம்பு வழியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கும் கீமோ பெரிதாக வேலை செய்வதில்லை. செல்கள் மெதுவாகப் பிரிபவை, சளிக்குள் ரத்த ஓட்டமும் இல்லை. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 24 பேருக்கு ஆறு மாதம் கீமோ, ஆறு மாதம் வெறும் கண்காணிப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. கட்டி வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. கீமோ காலத்தில் சோர்வும் கைகால் மரத்துப்போவதும்தான் கூடின. ஹை கிரேட், சிக்னெட் ரிங் வகைகளில் கதை வேறு. அங்கே கீமோவை ஆபரேஷனுக்கு முன்போ பின்போ சேர்ப்பது வழக்கம், நான் முதலில் சொன்ன நிதானமும் அங்கே குறைவாகத்தான் கிடைக்கும்.

## ஒரே பார்வையில்

| | கண்காணிப்பு | முழு நீக்கம் + ஹைபெக் | டிபல்கிங் | கீமோ மட்டும் |
|---|---|---|---|---|
| யாருக்கு | செல் இல்லாத, கொஞ்சமான சளி | லோ கிரேட். தேர்ந்தெடுத்த சில ஹை கிரேட். தாங்கும் உடம்பு | பலவீனமானவர், முழுதாக எடுக்க முடியாதவர் | ஆபரேஷன் இயலாத ஹை கிரேட் |
| இலக்கு | பெரிய ஆபரேஷனைத் தவிர்ப்பது | நோயை முழுதாக அகற்றுவது | நிம்மதி, அவகாசம் | வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது |
| உடனடி அபாயம் | மிகக் குறைவு | அதிகம் | நடுத்தரம், போகப் போகக் கூடும் | மருந்தின் பக்கவிளைவுகள் |
| மறைந்த செலவு | பல வருட ஸ்கேன், பயம் | ஆறு மாத வருமானம், ஸ்டோமா, தடுப்பூசி | அடுத்த ஆபரேஷனைக் கெடுப்பது | லோ கிரேடில் பலனின்றிப் போகும் காலம் |

## அன்னாசிப் பழம்?

வாட்ஸ்அப்பில் சுற்றும் விஷயம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமெலைன் என்ற என்சைமையும் அசிட்டைல்சிஸ்டீனையும் கலந்து சளியைக் கரைக்கும் மருந்து ஒன்றை சிட்னியில் டேவிட் மோரிஸ் குழுவினர் சோதித்துவருகிறார்கள். அது டியூப் போட்டு நேராக ஜெல்லி இருக்கும் இடத்துக்குள் செலுத்தப்படுகிறது. ஜூஸாகக் குடித்தால் அந்த என்சைம் அந்த அளவில் அங்கே போய்ச் சேராது. பழம் சாப்பிடுங்கள், பரவாயில்லை. ஆபரேஷன் தேதியை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

## பணம்

பயாப்சி ரிப்போர்ட் வந்தபிறகு புது இன்சூரன்ஸ் பாலிசி எடுப்பது இந்த ஆபரேஷனுக்கு உதவாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம்வரை இருக்கலாம். மறைத்து எடுத்தால் கிளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். பழைய பாலிசி இருந்தால், ஆபரேஷனையும் ஹைபெக்கையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, இரண்டுக்கும் உண்டா, உச்சவரம்பு ஏதாவது இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்ன "கவர் ஆகும் சார்" டிஸ்சார்ஜ் அன்று செல்லாது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. இந்தச் சிகிச்சை எந்தத் தலைப்பில், எந்தெந்த ஆஸ்பத்திரியில் சேரும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். எஸ்டிமேட் வாங்கும்போது ஐசியு நாட்கள், ரத்தம், ஹைபெக்குக்கான ஒருமுறை டியூப் செட், மருந்து ஆகிய நாலும் அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டுக்கு நடுவில் தெரியும் வித்தியாசம் பல சமயம் இந்த நாலில் எதையாவது ஒருவர் சேர்க்காமல் விட்டதுதான்.